ஊறுகாய் பாட்டிலில் வந்த எண்ணெய்

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எனக்கும் பதினோரு வருஷமாக ஒரு போட்டி நடந்துகொண்டிருக்கிறது. யாரும் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதுதான் அதில் ஒரே விதி. நான் சாம்பார் கொடுத்த டப்பா யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளோடு திரும்பி வரும். அவர் பிட்டு கொடுத்த தட்டு கேசரியோடு போகும். வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில் நான் நாலு பிஸ்கட்டை அடுக்கியாவது அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை அவர் தயிர் டப்பாவில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டு அனுப்பினார். அது இப்போது எங்கள் வேலியைவிட உயரமாக நிற்கிறது.

அவர் யாழ்ப்பாணம், நான் திண்டுக்கல். அவருக்கு அறுபத்தெட்டு வயது, எனக்கு ஐம்பது ஆகப்போகிறது. அக்கா முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் இருபது வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அங்கே நின்று நின்றே முழங்கால் இரண்டும் போய்விட்டன என்பார்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் போகவிருந்தது அதுதான். நான் பரமட்டா பக்கம் பஸ் ஓட்டுகிறேன். ஊரில் பி.காம். படித்து, சிட்னிக்கு வந்து மூன்று அலுவலகங்களில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுவிட்டு, நாற்பதாவது வயதில் பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பன்னிரண்டு மீட்டர் வண்டியை ஒரு குறுகலான ரவுண்டபவுட்டில் வளைத்துக் கொண்டுபோகும்போது வரும் சந்தோஷம் எந்த எக்செல் ஷீட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இன்னும் என்னை ‘டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மென்டில் இருக்கிறாள்’ என்றுதான் கல்யாண வீடுகளில் அறிமுகம் செய்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். டிரைவர் என்று சொன்னால் வாய் வெந்தா போகும்?

போன வருஷம் வலது தோள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. பகலில் பொறுத்துக்கொள்ளலாம். படுத்தால்தான் வலி பிராணனை வாங்கும். எனக்கு அதிகாலை ஷிப்ட் என்பதால் வெளியே வெயில் இருக்கும்போதே படுக்கப் போகிறவள் நான். அந்த நேரத்தில் இந்தத் தோளும் சேர்ந்து படுத்தினால் தூக்கம் எங்கிருந்து வரும்? தோள்வலி என்று வாய்விட்டுச் சொன்னது என் தப்பு. நம் ஆட்களிடம் ஒரு வலியைச் சொல்லிவிட்டால் போதும், பத்து டாக்டர்கள் முளைத்துவிடுவார்கள். ஒருவர் மஞ்சள் பற்று என்றார், ஒருவர் காந்த வளையல் என்றார். என் கணவர் ‘வேலையை விட்டுடேன்’ என்றார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அக்கா மட்டும் அறிவுரை சொல்லவில்லை. அவருக்கு முழங்கால் வலி வருஷக்கணக்கில். மாத்திரைகள் வயிற்றைக் கெடுத்து, ஊசியும் போட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு டாக்டர் வேறு ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தார். பழுப்பு நிறச் சின்ன பாட்டில்கள் இரண்டு தபாலில் வரும், ஒன்று பகலுக்கு, ஒன்று இரவுக்கு. அதில் ஒரு டிராப்பரால் அளந்து நாக்குக்கு அடியில் விட்டுக்கொள்வார்.

“என்னக்கா அது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சிபிடி எண்ணெய். கஞ்சாச் செடியிலயிருந்துதான் எடுக்கினம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோயிலில் தேவாரம் பாடுகிறவர், வெங்காயம்கூடச் சேர்க்காமல் விரதம் இருக்கிறவர், சமையலறை நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்துகொண்டு கஞ்சா என்கிறார்.

“பயப்பிடாதை பிள்ளை. இது வெறிக்காது, போதையொண்டும் வராது. டொக்டர் எழுதித் தந்தது. இப்ப நான் படி ஏறுறன், பார்.”

அவர் ஏறிக் காட்டினார். மூன்று படிதான், ஆனாலும் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினார்.

அந்த வாரம் நான் போட்ட எலுமிச்சை ஊறுகாயில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில் அக்காவுக்குப் போனது. பதினைந்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அந்த பாட்டில் பளபளவென்று கழுவப்பட்டு, கழுத்துவரை தங்க நிற எண்ணெயோடு திரும்பி வந்தது.

“உன்ர தோளுக்கு” என்றார் அக்கா. “எனக்கு ரெண்டு மாசத்துக்குச் சேர்த்து வந்திருக்கு. பின்னேரம் கொஞ்சமா நாக்குக்குக் கீழ விடு.”

இந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். அடுத்தவர் பெயரில் எழுதிய மருந்து, லேபிள் இல்லை, அளவு தெரியாது. ஆனால் இவை எதுவும் என் மண்டைக்குள் போகவில்லை. அக்கா கொடுத்தது என்ற ஒன்றுதான் போயிற்று. பதினோரு வருஷமாக அவர் வீட்டிலிருந்து வந்த எதையும் நான் சந்தேகப்பட்டதில்லை. அவர் மீன்குழம்பின் காரத்தைத் தவிர.

செவ்வாயும் புதனும் எனக்கு விடுமுறை. அதனால் திங்கள் மாலை துணிந்தேன். என்னிடம் டிராப்பர் இல்லை, டீஸ்பூன் இருந்தது. அரை ஸ்பூன் விட்டுக்கொண்டேன். புல்லைக் கசக்கிப் பிழிந்தது மாதிரி ஒரு ருசி, அதன் பின்னாலேயே மெல்ல ஊறுகாய் வாசம். எவ்வளவு கழுவினாலும் என் ஊறுகாய் போகாது என்று எனக்கு ஒரு பெருமை வேறு. அன்று அசந்து தூங்கினேன்.

செவ்வாய் மாலை சற்றுத் தாராளமாகவே விட்டுக்கொண்டேன். என் கணவர் எட்டிப் பார்த்து, “எனக்கும் முதுகு வலிக்குது, ஒரு ஸ்பூன் கொடேன்” என்றார். இருப்பதே இத்தனூண்டு, இதில் உங்களுக்கு வேறா என்று பாட்டிலைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வாய் வறண்டது. பிறகு பசித்தது. ஒரு பாக்கெட் முறுக்கை நான் ஒருத்தியே காலி செய்தேன். டிவியில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

“மழை வரும்னு சொல்றதுக்கு எதுக்குடி இப்படிச் சிரிக்கிற?” என்றார் கணவர்.

எனக்கே தெரியவில்லை. வலி போன சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன் மத்தியானம் துணி காயப்போடும்போது வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றார்.

“எண்ணெய் எப்பிடிப் பிள்ளை?”

“தங்கமான எண்ணெய்க்கா. ரெண்டு நாளா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன்.”

“ஓம், நித்திரை வரும்தானே. இரவு எண்ணெயும் கலந்திருக்கெல்லே.”

“என்னது கலந்திருக்கு?”

“பகல் போத்திலில மிச்சம் கிடந்ததை உன்ர போத்திலுக்கை ஊத்தினனான். பாதிதான் வந்தது. அரைப் போத்திலாக் குடுக்கிறது அழகில்லைத்தானே? அதால இரவுப் போத்திலையும் ஊத்தி நிரப்பிப்போட்டன்.” அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி.

இரண்டு போத்தல்களும் ஒன்றுதான், நேரம்தான் வேறு என்று நான் நினைத்திருந்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தார் போல. “அந்த ரெண்டாவது பாட்டிலைக் கொஞ்சம் கொண்டு வாங்கக்கா” என்றேன். கொண்டு வந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். சிபிடிக்குக் கீழே டிஹெச்சி என்று இன்னொரு பெயர், அதற்கும் ஒரு அளவு. அதற்குக் கீழே, வாகனம் ஓட்டக் கூடாது என்று கறுப்பு எழுத்தில்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு எனக்கு வண்டி. எங்கள் டிப்போவில் எந்த நாளும் முன்னறிவிப்பில்லாமல் போதைச் சோதனை நடக்கும். போலீஸ் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தி நாக்கில் பஞ்சுக்குச்சியைத் தடவிச் சோதிக்கலாம். லைசென்ஸ் போனால் என் வேலை போயிற்று. அதைவிட, ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு, வானிலையைக் கேட்டுச் சிரிக்கிற ஒருத்தி அந்த வண்டியை ஓட்டலாமா?

“நான் கார் ஓடுறேல்லைத்தானே” என்றார் அக்கா. “அதால அந்த எழுத்தை நான் வாசிக்கேல்லை பிள்ளை.”

கோபப்பட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் பாட்டிலை வாங்கி அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் வரவில்லை. “கிளம்புங்கக்கா, மருந்துக்கடைக்குப் போவோம்” என்றேன்.

காரைத் தொட எனக்குப் பயம். இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். ஓட்டியவர் எனக்குத் தெரிந்தவர். “லீவுலகூட உனக்கு பஸ்தானா?” என்று கேலி செய்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மருந்துக்கடையில் இருந்த பெண் இங்கே பிறந்த தமிழ்ப்பெண். நாங்கள் தமிழில் சொல்ல அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். முழுக் கதையையும் கேட்டாள். ஊறுகாய் பாட்டில் வந்த இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள், சிரிக்கவில்லை. அவள் படிப்பு நல்ல படிப்பு.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அந்தச் செடியில் நிறையச் சரக்கு இருக்கிறது. சிபிடி அதில் ஒன்று. அது ஆளை மிதக்க வைக்காது. டிஹெச்சி என்பதுதான் மிதக்க வைப்பது, போலீஸ் நாக்கில் தேடுவதும் அதைத்தான். டாக்டர் சீட்டே இருந்தாலும் அது உடம்பில் இருக்கும்போது வண்டி ஓட்டுவது குற்றம். சிபிடி மட்டும் இருக்கும் எண்ணெய்க்கும் இங்கே சீட்டு வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் ஹெம்ப் என்று விற்கும் அதே செடியின் விதை எண்ணெய் வேறு, அது சாலட்டில் விடுவதற்கு. சிபிடியால் யாருக்குப் பயன் என்று கேட்டேன். குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்புகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது என்று தெரியும், வலிக்கும் தூக்கத்துக்கும் சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை, இணையத்தில் சொல்வதில் பாதியை நம்ப வேண்டாம் என்றாள். சாதுவான எண்ணெய் என்றும் நினைக்க வேண்டாம். சிலருக்கு மயக்கம் மாதிரி தூக்கம் வரும், வயிற்றுப்போக்கு வரும், அதிக அளவில் ஈரலைத் தொந்தரவு செய்யும். வேறு மருந்துகளோடு சண்டை போடும்.

“எந்த மருந்தோட?” என்றேன்.

“ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து சிலது. ரத்தக் கசிவு வரலாம்.”

என் கணவர் மூன்று வருஷமாக இதயத் துடிப்புக்காக அந்த மருந்தைத்தான் எடுக்கிறார். அந்தச் செவ்வாய்க்கிழமை பாட்டிலை நான் பின்னால் ஒளித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. என் கஞ்சத்தனத்தை இருபத்தைந்து வருஷமாக அவர் திட்டிக்கொண்டிருக்கிறார். இனிமேல் அந்தப் பேச்சை எடுத்தால் பதில் வைத்திருக்கிறேன்.

“சரிம்மா, இது எப்ப என் உடம்பைவிட்டுப் போகும்?”

“எவ்வளவு கலந்தது, எவ்வளவு குடித்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. நான் எப்படிச் சொல்வேன்? நாளைக்கு ஓட்டாதீர்கள்.”

மிச்ச எண்ணெயை அவள் அழிப்பதற்கு வாங்கிக்கொண்டாள். பாட்டிலையும் போட்டுவிடவா என்று கேட்டாள். அதுவரை பேசாமல் இருந்த அக்கா, “இல்லைப் பிள்ளை, அது அவவின்ர போத்தில்” என்று அவசரமாகக் கையை நீட்டினார். காலி பாட்டிலைக் காகிதத்தில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் அக்கா மெதுவாகச் சொன்னார். “வயித்துக்குத்து எண்டு சொல்லி லீவு எடு. ஆருக்குத் தெரியப்போகுது?”

எனக்கும் அதுதான் தோன்றியது, மறைப்பானேன். ஆனால் எத்தனை நாளைக்கு வயிற்றுவலி? நான் சுத்தமாகிவிட்டேன் என்று எனக்கு யார் சொல்வார்கள்? ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் ‘ஓட்டத் தகுதியாக இருக்கிறேன்’ என்று கையெழுத்துப் போடுகிறோம். புதிதாகச் சேரும் டிரைவர்களிடம் அதைப் பொய்யாகப் போடாதீர்கள் என்று சொல்லிக் கொடுப்பதே நான்தான். வீட்டுக்கு வந்து சூப்பர்வைசரை போனில் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். யார் கொடுத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், “ஊறுகாய் பாட்டிலிலா?” என்றார்.

வியாழக்கிழமை டிப்போவில் சோதனை செய்தார்கள். டிஹெச்சி இருந்தது. கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்திருந்தால் அன்றோடு என் ஓட்டம் முடிந்திருக்கும். வண்டி எடுக்கும் முன்பே நானாகச் சொன்னதால் விசாரணை முடியும்வரை தொலைந்த பொருள்கள் அறையில் போட்டார்கள். வேலை இருக்குமா போகுமா என்று தெரியாமல் பதினோரு நாள் குடைகளையும் ஒற்றைக் காலணிகளையும் அடுக்கினேன். ஒருநாள் யாரோ விட்டுப்போன பல்செட் வந்தது. அதற்கு ரசீது எழுதும்போது அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. இந்தமுறை எண்ணெய் இல்லாத சிரிப்பு.

அந்தப் பதினோரு நாளும் வேலியைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. நான் இரண்டு முறை அனுப்பிய டப்பாக்களும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. ஒரு மாலை மட்டும் அக்கா வந்து ஒரு கடிதத்தைக் கையில் திணித்துவிட்டு, உட்காராமல் போய்விட்டார். என் மேலாளருக்குத் தமிழில் எழுதியிருந்தார், நான் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டுமாம். ‘குற்றம் என்னுடையது. போத்தலைப் பாதியாகக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அதனால் நிரப்பினேன். இவ நல்ல பிள்ளை. இவவின் வேலையைப் பறிக்க வேண்டாம்.’ படித்துவிட்டு நன்றாக அழுதேன். கொடுக்கவில்லை. தன் மருந்தை இன்னொருவருக்குக் கொடுத்ததற்கு அவர் அல்லவா மாட்டிக்கொள்வார்! கடிதம் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். அடுத்தடுத்து இரண்டு சோதனைகள் சுத்தமாக வந்திருந்தன. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஓட்டலாம் என்றார்கள். டிப்போ வாசலிலேயே நின்று கணவருக்கு போன் செய்து கத்தினேன். தோளைப் பற்றியும் இதற்குள் தெரிந்துவிட்டது. டாக்டர் பிசியோவிடம் அனுப்பினார், பிசியோ நான் ஓட்டுகிற மாதிரி என்னை உட்காரச் சொல்லிப் பார்த்தார். இருக்கையை எனக்கு வேண்டியதைவிட ஒரு சாண் தள்ளிப் போட்டு, எட்டி எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறேன், ஒன்பது வருஷமாக. இப்போது இருக்கையை நெருக்கி, ஒரு துண்டை வைத்துக் கையை ஆட்டும் பயிற்சி செய்கிறேன். வலி முக்கால்வாசி போய்விட்டது. அக்கா தன் எண்ணெயைத் தொடர்கிறார், டாக்டர் மேற்பார்வையில். அவர் கைப்பிடி இல்லாமல் படி ஏறுவதும் உண்மைதான்.

அந்தத் திங்கட்கிழமை, இரண்டாவது சுற்றில், எங்கள் தெரு முனை நிறுத்தத்தில் அக்கா நின்றார். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், தோளில் கைப்பை. ஏறி, பயண அட்டையைத் தட்டி, காகிதத்தில் சுற்றிய ஒன்றை என் பக்கத்தில் வைத்தார்.

“எங்கக்கா போறீங்க?”

“ஒரு இடமும் இல்லை. நீ ஓடுறதைப் பாக்க வந்தனான். அடுத்த ஸ்டொப்பில இறங்கி நடந்து வாறன்.”

அவர் சொன்னபடியே அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வண்டி நகரும்வரை கையாட்டிக்கொண்டு நின்றார். சுற்று முடிந்த இடத்தில் பிரேக்கைப் போட்டுவிட்டுக் காகிதத்தைப் பிரித்தேன். அதே ஊறுகாய் பாட்டில். அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: ‘நல்லெண்ணெய். தோளுக்குப் பூச. வேறொண்டும் கலக்கேல்லை. பஸ் ஓடலாம்.’

பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அவர் வீட்டில் நல்லெண்ணெய் தீர்ந்துபோயிருக்க வேண்டும், பாட்டில் பாதிதான் இருந்தது. பதினோரு வருஷத்தில் அக்கா எனக்கு அரைப் பாட்டிலாக ஒன்றைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.